வானத்துக்கும் வயது உண்டு

ஊட்டியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முத்தோரை என்று ஓர் ஊர். அங்கே இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று உருளைக்கிழங்குக்கு, இன்னொன்று வானத்துக்கு. வானத்துக்கானது மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகப் படுத்திருக்கிறது. 24 வளைந்த இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். முதன்முறை பார்க்கிறவர்கள் இதைத் தொலைநோக்கி என்றால் நம்பமாட்டார்கள். குழாய் கிடையாது, கண்ணாடி கிடையாது. யாரோ வேலி போட ஆரம்பித்து நிறுத்த மறந்துவிட்டதைப் போல இருக்கும்.

ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் 1960களில் இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. தெற்கிலிருந்து வடக்கே அதே 11 பாகை ஏறும் சரிவு ஒன்று கிடைத்து, அதன்மேல் தொலைநோக்கியைப் படுக்கவைத்தால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு வானில் ஒரு புள்ளியைத் தொடர்ந்து பார்க்க, தொலைநோக்கியைத் தன் அச்சில் மெல்ல உருட்டிக்கொண்டே போனால் போதும். ஒன்பதரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்க்கலாம். விலையுயர்ந்த எந்திரம் வாங்கப் பணமில்லாத நாடு, மலையையே எந்திரத்தின் ஒரு பாகமாக்கிக்கொண்டது. 1970 பிப்ரவரியில் அது வேலையைத் தொடங்கியது. அது கேட்கத் தொடங்கிய கேள்விகளில் முதன்மையானது இது: இந்த அண்டம் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா, முன்பு வேறு மாதிரி இருந்ததா?

இன்று இது கேள்வியாகவே நமக்குப் படுவதில்லை. அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்துவிட்டு நகர்கிறார்கள். ஆனால் வானத்துக்கு வயது என்று ஒன்று இருக்க முடியும் என்பதே நூறாண்டுப் பழக்கம்தான். அதற்கு முன், மண்ணில் எல்லாம் மாறும், விண்ணில் எதுவும் மாறாது என்பதே படித்தவர், படிக்காதவர் இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. ராஜாக்கள் போனார்கள், மொழிகள் மாறின, ஆறுகள் தடம் மாறின. மேலே அதே வானம்.

இங்கே ஒரு சிறு விலகல். அண்டம் விரிவதைத் திருவாசகத்தின் திருவண்டப்பகுதி அன்றே சொல்லிவிட்டது என்று வாரம் ஒருமுறையாவது யாராவது ஒரு செய்தியை அனுப்புகிறார்கள். மாணிக்கவாசகரின் கற்பனை எட்டிய உயரத்தை மறுக்கத் தமிழ் தெரிந்த எவராலும் முடியாது. ஆனால் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எத்தனை ஆண்டு என்று அவர் கேட்கவில்லை. அவர் தேடியது வேறொன்று. அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதால் பாட்டுக்கும் பெருமையில்லை, அறிவியலுக்கும் லாபமில்லை. அளந்தவர்களின் கதை வேறு. அதில் கற்பனையைவிடப் பொறுமை அதிகம். கண்டுபிடிப்புக்கு இணையாகத் தவறுகளும் உண்டு.

முதல் பெரிய தவறு ஐன்ஸ்டைனுடையது. 1917இல் தன் ஈர்ப்புச் சமன்பாடுகளை மொத்த அண்டத்துக்கும் பொருத்திப் பார்த்தார். அண்டம் அசையாமல் நிற்காது, சுருங்கியோ விரிந்தோதான் ஆகவேண்டும் என்று சமன்பாடு அடம்பிடித்தது. எதையும் கேள்வி கேட்கத் தயங்காத அந்த மனிதர் இந்த ஓர் இடத்தில் சமன்பாட்டை நம்பாமல் வானத்தை நம்பினார். அண்டத்தை அசையாமல் நிறுத்திவைக்கக் கூடுதலாக ஒரு மாறிலியைச் சேர்த்தார். பெத்ரோகிராத் நகரில் அலெக்சாண்டர் ஃபிரீட்மன் 1922இல் அந்த முட்டுக்கொடுத்தலைத் தாண்டி, மாறும் அண்டங்களின் கணக்கைப் போட்டுக் காட்டினார். மூன்றே ஆண்டில், 37 வயதில், அவர் இறந்துபோனார். 1927இல் பெல்ஜியத்தின் கத்தோலிக்கப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமேத்ர் அதே முடிவுக்குத் தனியாக வந்தார். கூடவே, தொலைவுக்கேற்ப விலகும் வேகம் கூடும் என்பதையும் தரவுகளோடு சொன்னார். பிரெஞ்சு மொழியில், பிரஸ்ஸல்ஸில் வெளிவரும் அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில். அதே ஆண்டு சந்தித்தபோது, கணக்கு சரிதான், ஆனால் அதன் இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு ஒருபுறம் இருக்க, வானத்தில் தூரத்தை அளக்க ஒரு கோல் வேண்டுமே. இரவில் தெரியும் வெளிச்சம் பக்கத்து வீட்டுத் திண்ணை விளக்கா, அடுத்த ஊர்க் கோபுர விளக்கா என்று விளக்கின் உண்மையான பிரகாசம் தெரியாமல் சொல்ல முடியாது. அந்தப் பிரகாசத்தைக் கண்டறியும் வழியைத் தந்தவர் ஹென்ரியெட்டா லீவிட். ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் பதிந்த புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர். காது சரியாகக் கேட்காது. தொலைநோக்கியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை பெண்களுக்குத் தரப்படாத காலம். பெரு நாட்டிலிருந்து வந்த தகடுகளில், சிறிய மெகல்லன் மேகத்திலிருந்த 25 செஃபீட் விண்மீன்களை அவர் தொடர்ந்து கவனித்தார். இவை மங்கிப் பிரகாசிக்கும் வகை. எது மெதுவாகத் துடிக்கிறதோ அது அதிகப் பிரகாசமானது என்று 1912இல் எழுதினார். துடிப்பை எண்ணு, பிரகாசம் தெரியும். பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரியும்.

அண்டவியலின் மொத்தக் கட்டடமும் இந்த ஒரு தூணில்தான் எழும்பியது. லீவிட் 1921 டிசம்பரில் இறந்தார். அவர் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி 1925இல் ஸ்வீடனிலிருந்து ஒரு கணித மேதை ஹார்வர்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் உயிரோடு இல்லை என்ற செய்தி கடல் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

லீவிட்டின் கோலை எட்வின் ஹபிள் கையில் எடுத்தார். 1923 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் மலையில், 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த ஆண்ட்ரோமீடா படத்தில் ஒரு புள்ளியை முதலில் நோவா என்று குறித்தார். பிறகு அதை அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். அது செஃபீட். கணக்குப் போட்டதும் தெரிந்தது: ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்குள் மிதக்கும் மேகம் இல்லை, வெளியே வெகுதொலைவில் இருக்கும் தனி விண்மீன் திரள். பால்வீதிதான் மொத்த அண்டமும் என்று வாதிட்டுவந்த ஹார்லோ ஷேப்லிக்கு ஹபிள் எழுதிய கடிதம் ஹார்வர்டுக்கு வந்தது. தன் அண்டத்தையே அழித்துவிட்ட கடிதம் இது என்று ஷேப்லி சொன்னபோது அந்த அறையில் இருந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த இளம் ஆய்வு மாணவி, சிசிலியா பேய்ன். அவரிடம் பிறகு வருவோம்.

ஹபிளின் கூட்டாளி மில்டன் ஹியூமசன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மவுன்ட் வில்சன் மலைமேல் வானாய்வகம் கட்டியபோது கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிச் சென்றவர், பிறகு அங்கேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர், இரவுகளில் உதவப்போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டவர். மங்கலான விண்மீன் திரள்களின் நிறமாலையை இரவிரவாகக் குளிரில் உட்கார்ந்து பதிவதில் அவருக்கு இணையில்லை. வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர் அரிசோனாவில் 1912 முதலே நிறமாலைகளிலிருந்து அளந்து வைத்திருந்த திரள்களின் வேகங்களோடு தன் தூரங்களை வைத்து 1929இல் ஹபிள் ஒரு வரைபடம் போட்டார். எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகமாக விலகல். ஹியூமசனின் நிறமாலைகள் அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கோட்டை இன்னும் வெகுதூரம் நீட்டின.

லெமேத்ரின் 1927ஆம் ஆண்டுக் கட்டுரையை 1931இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, விலகல் விதியைச் சொன்ன பகுதி மட்டும் காணாமல் போயிருந்தது. ஹபிளின் ஆட்கள் வெட்டிவிட்டார்கள் என்று வெகுகாலம் சந்தேகம் உலவியது. 2011இல் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. மொழிபெயர்த்தவர் லெமேத்ரேதான், இப்போது இதைவிட நல்ல தரவு வந்துவிட்டது, பழையதை மறுபடி அச்சிடுவானேன் என்று தானே விட்டுவிட்டிருக்கிறார். பெயருக்காக முட்டிமோதும் எந்தத் துறையிலும் இது அபூர்வம். 2018இல் உலக வானியலாளர்கள் வாக்களித்து அதை ஹபிள்–லெமேத்ர் விதி என்று அழைக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

எல்லாம் விலகுகிறது என்றால், காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஓரிடத்தில் நெருங்கவேண்டும். லெமேத்ர் 1931இல் ஒரு சிறு குறிப்பில் அதைச் சொன்னார். ஆதியில் ஒரே அணு, அது சிதறி உண்டானது இவ்வளவும். ஆனால் ஹபிளின் எண்ணை வைத்துக் கணக்கிட்டால் அண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. யுரேனியச் சிதைவை வைத்து மண்ணியலாளர்கள் பூமியின் பாறைகளுக்குச் சொன்ன வயது அதைவிட அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையைவிடத் தகப்பன் இளையவன்! இந்த அபத்தத்தைக் கால் நூற்றாண்டுக்கு அண்டவியல் சுமந்துகொண்டு நடந்தது. கோட்பாட்டைக் கேலி செய்ய இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

முடிச்சு அவிழ்ந்த விதம் விசித்திரமானது. இரண்டாம் உலகப்போரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விளக்கணைத்து இருட்டில் கிடந்தது. ஜெர்மானியர் என்பதால் போர்ப்பணிக்கு அழைக்கப்படாத வால்டர் பாடேவுக்கு மவுன்ட் வில்சன் தொலைநோக்கியும் அந்தக் கும்மிருட்டும் தாராளமாகக் கிடைத்தன. விண்மீன்களில் இரண்டு தலைமுறைகள் இருப்பதை அவர் கண்டார். செஃபீட்களிலும் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கோலையே தவறாகப் பிடித்திருந்தார்கள். 1952இல் அவர் அதை அறிவித்தபோது அண்டம் ஒரே நாளில் இரண்டு மடங்கு பெரிதாகவும் இரண்டு மடங்கு முதிர்ந்ததாகவும் ஆனது. பின்வந்த திருத்தங்கள் அந்த வயதை மேலும் கூட்டின.

அதற்குள் எதிர்க்கோட்பாடு வேர்விட்டுவிட்டது. 1948இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு மூவரும் சொன்னார்கள்: அண்டம் விரிவது உண்மை, ஆனால் அதற்குத் தொடக்கம் இல்லை. விலகும் திரள்களுக்கு இடையே புதிய பொருள் துளித்துளியாக உண்டாகி இடைவெளியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. எந்தக் காலத்தில் நின்று பார்த்தாலும் அண்டம் ஒரே மாதிரிதான் தெரியும். 1949இல் பிபிசி வானொலியில் பேசியபோது, மறுதரப்பைக் குறிப்பிட ஹாயில் போகிறபோக்கில் 'பெருவெடிப்பு' என்றார். தான் ஏற்காத கோட்பாட்டுக்கு அவர்தான் பெயர் சூட்டினார். தொடக்கம் என்ற சொல்லில் அவருக்குப் பைபிள் வாடை அடித்தது. வேடிக்கை என்னவென்றால், 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, அதிகம் சங்கடப்பட்டவர் பாதிரியாரான லெமேத்ர்தான். மதத்தையும் அறிவியலையும் கலக்கவேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு.

இப்போது முத்தோரைக்குத் திரும்பலாம். ஹாயிலின் மாணவர் ஜயந்த் நார்லிகர். 1964இல் ஆசிரியரோடு சேர்ந்து ஈர்ப்புக்கே ஒரு புதுக் கோட்பாடு தந்து, இருபத்தைந்து வயதில் இந்தியாவெங்கும் பேசப்பட்டவர். 1972இல் நாடு திரும்பி மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஊட்டித் தொலைநோக்கியும் அதே நிறுவனத்தின் பிள்ளை. அண்டம் மாறாது என்ற தரப்பின் மிகச்சிறந்த இந்தியக் குரலும், அண்டம் மாறியிருக்கிறது என்று காட்டப்போகும் கருவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

ஊட்டியில் கையாண்ட உத்தி அழகானது. தொலைதூர ரேடியோ மூலங்கள் அக்காலத் தொலைநோக்கிகளுக்கு வெறும் மங்கல் புள்ளிகள். எவ்வளவு அகலம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிலா நகர்ந்து வந்து ஒரு மூலத்தை மறைக்கும் நொடியில், அதன் சிக்னல் எப்படிக் குறைகிறது என்று பதிந்தால் அகலம் தெரிந்துவிடும். சட்டென அணைந்தால் சிறியது, தேய்ந்து தேய்ந்து அணைந்தால் பெரியது. நிலாவின் விளிம்பைக் கத்தியாகப் பயன்படுத்திய வித்தை அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை இப்படி அளந்தார்கள். வானத்தில் தூரம் என்பது காலம். மங்கலாகத் தெரிபவை பொதுவாகத் தொலைவில் உள்ளவை, அதாவது பழையவை. அண்டம் என்றும் ஒரே மாதிரி என்றால், பழைய மூலங்களின் அளவும் இன்றுள்ளவற்றின் அளவும் சராசரியில் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகவில்லை. ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் வெளியிட்ட கட்டுரைகள், அந்தக் காலத்து ரேடியோ திரள்கள் இன்றையவற்றைவிடச் சிறியவை என்று கொண்டால்தான் கணக்கு சரிவரும் என்றன. அண்டத்துக்குக் கடந்தகாலம் ஒன்று இருந்திருக்கிறது.

ஹாயில் தரப்பின் மாறாநிலைக் கோட்பாட்டின் மேல் விழுந்த முதல் அடி இது என்று சொன்னால் மிகை. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் ரேடியோ மூலங்களை எண்ணி முன்பே அதை ஆட்டம் காணச் செய்திருந்தார். பெரிய அடி 1965இல் நியூஜெர்சியிலிருந்து வந்தது. பென்ஸியாஸ், வில்சன் என்ற இரு ரேடியோ வானியலாளர்கள் ஹோம்டெல் என்ற இடத்திலிருந்த கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஓர் இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும் அதே இரைச்சல். கொம்புக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாக்களை வெளியேற்றி எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பிரின்ஸ்டனில், ராபர்ட் டிக்கியின் குழு அதே இரைச்சலைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. ஆதிச்சூட்டின் மிச்சம், இன்று ஆறிப்போய் 3 கெல்வினுக்குக் கொஞ்சம் குறைவு. இப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். 1978இல் பென்ஸியாஸுக்கும் வில்சனுக்கும் நோபல் வந்தபோதும் ஆல்ஃபருக்கும் ஹெர்மனுக்கும் எதுவுமில்லை.

மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து ஒருவர் 'தெரியுது, தெரியல' என்று கத்திய காலத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அப்போது திரையில் மொய்த்த புள்ளிகளில் ஒரு சிறு பங்கு இந்த ஆதி ஒளிதான். 1966 ஜூனில் லெமேத்ர் இறப்பதற்குச் சற்று முன்பு, மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அவரிடம் இந்தச் செய்தியை உதவியாளர் கொண்டுபோய்ச் சொன்னார். ஹாயில் கடைசிவரை ஏற்கவில்லை. நார்லிகரும் 2025இல் மறையும்வரை மாற்று விளக்கங்களைத் தேடுவதை நிறுத்தவில்லை. அவர் பக்கம் சான்று இல்லை என்பது என் கருத்து. ஆனால் எல்லோரும் தலையாட்டும் இடத்தில் ஒருவர் விடாமல் கேள்வி கேட்டதால் மற்றவர்கள் இன்னும் கவனமாக அளந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தொடக்கம் உண்டென்று ஆனபின் நிரப்பவேண்டியிருந்தது நடுக்கதை. சுருக்கமாக அது இப்படி: முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன் கருக்களும், எடையில் நாலில் ஒரு பங்கு ஹீலியமும் உருவாகிவிட்டன. 3,80,000 ஆண்டுகள் கழிந்து, சூடு தணிந்து, ஒளி தடையின்றிப் பயணிக்க வழி கிடைத்தது. ஹோம்டெல் கொம்பில் விழுந்தது அந்த ஒளி. பிறகு நெடிய இருட்டு. பத்து, இருபது கோடி ஆண்டுகளில் முதல் விண்மீன்கள். அவற்றின் வயிற்றில் கார்பன், ஆக்ஸிஜன், இரும்பு. அவை வெடித்துச் சிதறிய சாம்பலிலிருந்து அடுத்த தலைமுறை. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சூரியன்.

இந்த நாலு வரிக்குள் எத்தனை பேரின் வாழ்க்கை புதைந்திருக்கிறது! அந்த ஹீலியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று, சென்னை மாகாணத்தின் வடபகுதியில் முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரான்ஸின் ழான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கவனித்தவர்களில் போக்சன் ஒருவர். பூமியில் யாரும் கண்டிராத தனிமத்தின் கோடு அது. பூமியில் அது 1895இல்தான் அகப்பட்டது.

சூரியன் எதனால் ஆனது என்பது அதன்பிறகும் தெரியவில்லை. கல்கத்தாவின் மேகநாத் சாஹா 1920இல் ஒரு சமன்பாடு தந்தார்: இந்த வெப்பத்தில் இந்த அணு இந்த அளவுக்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லும். அதை எடுத்துக்கொண்டு ஹார்வர்டின் தகடுகளை ஆராய்ந்தவர் முன்பு நாம் விட்டுவந்த சிசிலியா பேய்ன். விண்மீன்களில் பெரும்பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்ற முடிவோடு 1925இல் ஆய்வேட்டை எழுதினார். பூமியைப் போன்ற சேர்மானம்தான் விண்மீன்களிலும் இருக்கும் என்பது அன்றைய பெரியவர்களின் தீர்ப்பு. ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதைப் படித்துவிட்டு முடியவே முடியாது என்றார். இருபத்தைந்து வயதுப் பெண், வேலை வேண்டும், எதிரே துறையின் பெரிய மனிதர். இந்த விகிதம் பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தன் கண்டுபிடிப்பைத் தானே மறுத்து ஒரு வரி சேர்த்தார். நான்கு ஆண்டுகளில் ரஸ்ஸல் வேறொரு வழியில் அதே முடிவுக்கு வந்து, பேய்னின் ஆய்வையும் குறிப்பிட்டார். பாராட்டு மட்டும் நெடுநாள் ரஸ்ஸல் பக்கமே போனது.

இதே நாடகம் பத்தாண்டு கழித்து லண்டனில் நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர், 1930இல் பம்பாயிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்கு அது. அப்போது வயது பத்தொன்பது. எரிந்தடங்கிய விண்மீன் வெண்குள்ளனாக நிலைக்கவேண்டுமானால் அதன் எடை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்குள் இருக்கவேண்டும். 1935 ஜனவரி 11 அன்று அரச வானியல் கழகத்தில் அவர் பேசி முடித்ததும் துறையின் பெரும்புள்ளியான ஆர்தர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படியெல்லாம் நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் விதி ஒன்று இருக்கவேண்டும் என்று கேலி கலந்து பேசினார், சபை சிரித்தது. நோபல் வர 1983 ஆகிவிட்டது. அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர், விண்மீன்களின் வயிற்றில் தனிமங்கள் சமைவதை ஆராய்ந்ததற்காக. அந்தச் சமையலின் முதல் குறிப்பை எழுதியவர், கார்பன் உண்டாக அதன் கருவில் இன்ன ஆற்றலில் ஒரு நிலை இருந்தே தீரவேண்டும் என்று 1953இல் ஃபௌலரின் ஆய்வகத்துக்கே போய்ச் சொன்னவர் ஹாயில். பட்டியலில் அவர் பெயர் இல்லை. அண்டத்தின் தொடக்கத்தில் பிழைபட்டவர், அதன் நடுக்கதையில் எல்லோரையும்விடச் சரியாக இருந்தார்.

சந்திரசேகரின் வரம்பு பின்னாளில் வேறு வடிவில் திரும்பி வந்தது. அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன்கள் வெடிக்கும்போது ஏறத்தாழ ஒரே அளவு பிரகாசம் தருகின்றன என்பது பரவலான விளக்கம். அப்படியானால் லீவிட்டின் கோலைவிட நீளமான கோல் அது. 1998இல் இரண்டு குழுக்கள் அந்தக் கோலால் அளந்தபோது, அண்டத்தின் விரிவு காலப்போக்கில் தளரவில்லை, வேகம் கூடுகிறது என்று தெரிந்தது. எது தள்ளுகிறது? இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும்தான் கையில் இருக்கிறது. நாம் தொட்டுணரும் பொருள் அண்டத்தில் 5 சதவீதம்தான், 27 சதவீதம் இருண்ட பொருள், 68 சதவீதம் இந்தத் தள்ளும் ஆற்றல். ஐன்ஸ்டைன் 1917இல் சேர்த்து, பிறகு தூக்கியெறிந்த மாறிலியை இதற்காகக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி சமன்பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

இப்போதும் கணக்கு முழுதாக ஒட்டவில்லை. ஆதி ஒளியை வைத்துக் கணக்கிட்டால் விரிவின் வேகம், வானியலாளர்கள் பயன்படுத்தும் அலகில், 67. செஃபீட்களையும் வெடிக்கும் வெண்குள்ளன்களையும் வைத்து அளந்தால் 73. இருதரப்பும் கருவிகளைச் சோதித்துவிட்டார்கள், இடைவெளி மூடவில்லை. அரிசோனாவிலிருந்து 2024, 2025 ஆண்டுகளில் வந்த அளவீடுகள், இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றுதானா, காலப்போக்கில் தளர்கிறதா என்ற சந்தேகத்தையும் கிளப்பியிருக்கின்றன. இதைக் காட்டி அறிவியல் தடுமாறுகிறது என்று எழுதும் தலைப்புகளைப் பார்க்கிறேன். பிள்ளையைவிடத் தகப்பன் இளையவனாக இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதில் பதற்றம் வராது. 6 என்ற அந்த வித்தியாசத்துக்குள் யாரோ ஒரு பேய்ன், யாரோ ஒரு சந்திரசேகர் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்கள் எழுந்து பேசும்போது சபை என்ன செய்யும் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இருண்ட ஆற்றல் இப்போது கருதப்படுவதுபோல் மாறாத ஒன்றாகவே இருக்குமானால், நெடுங்காலத்தில் நடக்கப்போவதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் போனால், ஈர்ப்பால் நம்மோடு கட்டுண்டவை தவிர மற்ற எல்லா விண்மீன் திரள்களும் பார்வை எல்லையைத் தாண்டிவிடும். ஆதி ஒளியின் அலைகள் நீண்டு நீண்டு, எந்த ஆன்டெனாவிலும் விழாத அளவுக்கு இளைத்துவிடும். சின்னச் சிவப்பு விண்மீன்கள் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றைச் சுற்றும் ஏதோ ஓர் உலகில் ஒரு வானியலாளர் பிறந்து, நம்மைவிட நல்ல தொலைநோக்கி கட்டி, எல்லாத் திசையிலும் தேடிப் பார்ப்பார். தன் திரளைத் தவிர வேறெதுவும் தென்படாது. விலகுவதற்கு எதுவும் இருக்காது, கொம்பில் இரைச்சல் இருக்காது, சுத்தம் செய்யப் புறா எச்சம்கூட இருக்காது. ஒவ்வோர் அளவையும் இருமுறை சரிபார்த்துவிட்டு, இந்த அண்டம் அசையாதது, என்றும் இப்படியே இருந்தது என்று அவர் தன் ஏட்டில் குறித்துவைப்பார்.